பண்டைத் தலைநகர் பாடலி

நமது பாரத நாட்டில் தலைநகர் என்னும் பெருமையைப் பெற்று விளங்கிய ஊர்கள் பல. அவற்றுள் சிலவற்றின் பெருமையை நாம் நேரில் சென்று கண்ணாரக் காணலாம். டில்லிக்குச் செங்கோட்டை உண்டு. ஆக்ராவுக்குத் தாஜ்மகால் உண்டு. ஹம்பிக்குக் கற்றேர் உண்டு. நம் தஞ்சைக்கு வானளாவிய விமானம் உண்டு. ஆனால் இவை யாவற்றினும் பழமை வாய்ந்ததும், ஒரு காலத்தில் காந்தார நாடு முதல் கன்னட நாடு வரை பரந்திருந்த பேரரசின் தலைமை இடமாகத் திகழ்ந்ததுமான ஒரு நகரில், இன்று வெளிப்படையாகக் காண்பதற்கு ஏறத்தாழ ஒன்றுமே இல்லை என்றால் வியப்பாக இருக்கும். அந்நகரே பாடலிபுத்திரம். இன்று பீகார் மாநிலத்தின் தலைநகராக விளங்கும் பாட்னா அதுவே.

நம் காலனியில் ஆண்டுதோறும் பாஸ் எழுதிக் கொடுத்து யாத்திரை புறப்படும் குடும்பங்கள் பெரும்பாலும் காசி, கயை, பிரயாகை, ஹரித்துவாரம், ஆக்ரா என்றே எழுதிக் கொடுக்கின்றன. பாட்னா வழியாகச் செல்வோரும் அங்கே இறங்குவதில்லை. "அங்கே பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?" என்பதே எல்லோரும் கேட்கும் கேள்வி. அக்கேள்விக்கு விடை கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம். பெரும்புலவர்கள் எழுத வேண்டிய பொருள் இது. ரயில்வே அலுவலகத்தில் எழுத்தராகப் பணிபுரியும் நான், கிடைத்த விடுமுறை நாள்களில் நேரில் சென்று கண்டவற்றையும், நூல்களில் படித்தறிந்தவற்றையும் கொண்டு இயன்ற அளவு கூறுகிறேன்.

நகரம் பிறந்த வரலாறு

மகத நாட்டின் பழைய தலைநகர் பாடலி அன்று. ஐந்து மலைகளுக்கிடையே அமைந்த இராசகிருகமே முதலில் தலைநகராக இருந்தது. பிம்பிசாரனும் அவன் மகன் அசாதசத்துருவும் அங்கிருந்தே ஆண்டனர். கங்கையின் வடகரையில் வைசாலியைத் தலைநகராகக் கொண்டு லிச்சவியர் குடியரசு வலிமையுடன் விளங்கியது. அவர்களை எதிர்ப்பதற்காகக் கங்கையின் தென்கரையில் பாடலிகிராமம் என்ற சிற்றூரில் அசாதசத்துருவின் அமைச்சர்கள் ஒரு கோட்டை எழுப்பினர். புத்தர் பெருமான் தமது இறுதிக் காலத்தில் வடக்கு நோக்கிச் செல்லும்போது இவ்வூரில் தங்கினார். இவ்வூர் பெருநகராக வளரும் என்றும், ஆயினும் தீ, நீர், உட்பகை ஆகிய மூன்றினால் இதற்குக் கேடு வரும் என்றும் அவர் கூறியதாகப் பௌத்த நூல் உரைக்கிறது. இம்மூன்றையும் நாம் பின்னர் காண்போம்.

அசாதசத்துருவின் மகன் உதயபத்திரன் காலத்தில் தலைநகர் இராசகிருகத்திலிருந்து பாடலிக்கு மாறியது என்பர். அதன் பின் நந்தர், மோரியர், சுங்கர், குப்தர் எனப் பல மரபினரின் ஆட்சியைப் பாடலி கண்டது.

பாடலி என்னும் பெயரைக் கேட்டு அயலூர்ப் பெயர் என்று நாம் ஒதுக்க வேண்டியதில்லை. பாடலி என்பது பாதிரி மரம். கடலூரைச் சேர்ந்த திருப்பாதிரிப்புலியூரில் தலமரமாக இருப்பதும் அதுவே. அங்கே எழுந்தருளியுள்ள இறைவன் பெயர் பாடலேசுவரர். கங்கைக் கரையில் ஒரு நிலையமும் கெடிலக் கரையில் ஒரு நிலையமும் ஒரே மலரின் பெயரைத் தாங்கி நிற்பது நம் போன்ற ரயில்வேக்காரர்க்கு இன்பம் தருவதன்றோ? இன்று பாட்னா நகரிலேயே பாடலிபுத்திரா என்ற பெயருடன் ஒரு ஜங்ஷனும் உண்டு.

யவனத் தூதர் கண்ட நகர்

கி.மு. 300-ஐ ஒட்டிச் சந்திரகுப்த மோரியனின் அவைக்கு யவன மன்னன் செலூக்கஸ் அனுப்பிய தூதர் மெகஸ்தனிஸ் வந்தார். அவர் எழுதிய நூல் முழுமையாக நமக்குக் கிடைக்கவில்லை. ஆயினும் பின்வந்த யவன ஆசிரியர்கள் எடுத்தாண்ட பகுதிகள் எஞ்சியுள்ளன. அவற்றின்படி, கங்கையும் இன்னோர் ஆறும் கூடும் இடத்தில் இந்நகர் அமைந்திருந்தது. நீளம் 80 ஸ்டேடியம். அகலம் 15 ஸ்டேடியம். நம் கணக்கில் நீளம் 14 கிலோமீட்டருக்கும், அகலம் இரண்டரைக் கிலோமீட்டருக்கும் மேல் ஆகும். நகரைச் சுற்றி அகழியும் மரத்தாலான மதிலும் இருந்தன. மதிலில் அம்பெய்வதற்குத் துளைகள் இருந்தன. காவற்கோபுரங்கள் 570, வாயில்கள் 64.

மதில் மரத்தால் ஆயது என்பதை நாம் மனத்திற் கொள்ள வேண்டும். கங்கைச் சமவெளியில் கல் அரிது. தோண்டத் தோண்ட வண்டல் மண்ணே கிடைக்கும். அருகிலிருந்த காடுகளில் மரம் மிகுதி. ஆகவே கோட்டையும் மாளிகையும் மரத்தால் எழுந்தன. மரம் தீயால் எரியும், நீரால் மட்கும். பாடலியின் பெருமையைக் கண்ணாற் காண முடியாமற் போனதற்கு முதற்காரணம் இதுவே.

இந்நகரிலிருந்தே அசோகப் பேரரசன் ஆண்டான். மனிதர்க்கும் விலங்குகட்கும் மருத்துவம் செய்ய ஏற்பாடு செய்ததைக் கூறும் அவனது இரண்டாம் பாறைச் சாசனத்தில், தன் நாட்டெல்லைக்கு அப்பாற்பட்டவர்களாகச் சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் ஆகியோரைக் குறிப்பிடுகிறான். சத்தியபுத்திரர் யார் என்பது அறிஞர்களிடையே நெடுங்காலம் விவாதமாக இருந்தது. 1981-ஆம் ஆண்டில் திருக்கோவலூர்ப் பக்கத்து ஜம்பையில் கண்டறியப்பட்ட தமிழ்ப் பிராமிக் கல்வெட்டில் அதியமான் நெடுமான் அஞ்சி அப்பெயரால் குறிக்கப்படுவது கண்டு அவ்விவாதம் தீர்ந்தது. ஔவைக்கு நெல்லிக்கனி ஈந்த வள்ளலின் குடி, பாடலியின் அரசவையில் அறியப்பட்டிருந்தது என்று எண்ணும்போது நம் உள்ளம் பூரிக்கிறது.

இடம் மாறிய ஆறு

மெகஸ்தனிஸ் கூறிய நகர் எது என்று மேனாட்டார் 18-ஆம் நூற்றாண்டில் தேடத் தொடங்கினர். இரண்டு ஆறுகள் கூடும் இடம் என்பதால் சிலர் அதைப் பிரயாகை என்று கருதினர். பாட்னாவில் கங்கையுடன் பெரிய ஆறு எதுவும் தெற்கிலிருந்து வந்து கலக்கவில்லை. வங்காளத்தின் நில அளவைத் தலைவராக விளங்கிய ஜேம்ஸ் ரென்னல், சோணை ஆறு முற்காலத்தில் பாட்னாவின் அருகே கங்கையிற் கலந்தது என்றும், பின்னரே மேற்கே விலகிச் சென்றது என்றும் கண்டறிந்தார். யவனர் அவ்வாற்றுக்கு எரன்னபோவாஸ் என்று பெயர் கூறியிருந்தனர். சோணைக்கு வடமொழியில் ஹிரண்யபாகு, அதாவது பொற்கையுடையது, என்ற பெயரும் உண்டென்பதைப் பழைய நூலொன்றிற் கண்ட சர் வில்லியம் ஜோன்ஸ், 1793-ஆம் ஆண்டில் கல்கத்தாவில் ஆசியச் சங்கத்தில் ஆற்றிய உரையில் இரண்டையும் பொருத்திக் காட்டினார். அத்துடன் யவனர் கூறிய சாண்ட்ரகோட்டஸ் சந்திரகுப்தனே என்பதும் நிலைபெற்றது. பாரத நாட்டுப் பழைய வரலாற்றுக்கு ஆண்டுக் கணக்கு வகுக்க இதுவே அடிப்படையாயிற்று.

இத்தனை ஆராய்ச்சி செய்து அவர்கள் கண்ட உண்மை நம் சங்க நூலில் ஒரு சிறு பாட்டில் இருக்கிறது! குறுந்தொகையின் 75-ஆம் பாட்டு, படுமரத்து மோசிகீரனார் பாடியது. பிரிந்து சென்ற தலைவன் வருகிறான் என்ற செய்தியை ஒருவன் தலைவிக்குக் கொண்டு வருகிறான். "நீ நேரிற் கண்டாயோ? கண்டவர் சொல்லக் கேட்டாயோ? யார் வாய்க் கேட்டாய்? உண்மையைச் சொல்" என்று அவள் பரபரக்கிறாள். நற்செய்தி கொணர்ந்தவனுக்குப் பரிசாக, வெண்ணிறக் கொம்புடைய யானைகள் சோணையிற் படிந்து நீராடுகின்ற, பொன் மிகுந்த பாடலி நகரையே நீ பெறுவாயாக என்று வாழ்த்துகிறாள்.

பாடலியின் அருகே ஓடுவது கங்கை என்பதை எவரும் அறிவர். இப்புலவரோ கங்கையைக் கூறாது சோணையைக் கூறுகிறார். அன்று சோணை அந்நகரை ஒட்டி ஓடியதைத் தென்கோடித் தமிழ்ப் புலவர் அறிந்திருந்தார் என்பது இதனால் விளங்கும். குறுந்தொகை அச்சேறியது 1915-ஆம் ஆண்டில். ஜோன்ஸ் பேசிய நாளில் அது ஓலைச்சுவடியில் உறங்கிக் கிடந்தது. ஆறு இடம் பெயர்ந்தது. நகர் மண்ணுள் மறைந்தது. ஓலையிலிருந்த நாலைந்து வரிகள் மட்டும் பழைய நிலையை மாறாமற் காத்து வைத்திருந்தன.

இன்று சோணையைக் காண விரும்புவோர் பாட்னாவுக்கு மேற்கே செல்ல வேண்டும். ஆரா நிலையத்திலிருந்து தானாபூர் நோக்கி வரும் வண்டி கொய்ல்வார் பாலத்தைக் கடக்கும். 1862-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட இரும்புப் பாலம் அது. நீளம் ஏறத்தாழ 1,440 மீட்டர். மேற்றட்டில் ரயிலும் கீழ்த்தட்டில் சாலை வண்டிகளும் செல்லும். பெங்களூரிலிருந்து சென்னை வழியாகத் தானாபூர் செல்லும் சங்கமித்ரா எக்ஸ்பிரஸும் இப்பாலத்தின் மீதே போகிறது. பெரும்பாலோர் அந்நேரத்தில் படுக்கையைச் சுருட்டிக் கொண்டோ, பெட்டிகளை எண்ணிக் கொண்டோ இருப்பர். அடுத்த முறை செல்லும்போது சற்றே சன்னல் வழியாகக் கீழே பாருங்கள், குழந்தைகளுக்கும் காட்டுங்கள். பரந்து கிடக்கும் பொன்னிற மணலும் அதனிடையே ஓடும் நீரும் தெரியும். குறுந்தொகைத் தலைவி சொன்ன சோணை அதுவே. பொற்கை என்ற பெயர் ஏன் வந்ததென்பது அம்மணலைக் கண்டவர்க்கு ஓரளவு விளங்கும்.

மண்ணுக்கடியில் மாளிகை

பாட்னா ஜங்ஷனுக்குக் கிழக்கே ஐந்தாறு கிலோமீட்டர் தொலைவில் கும்ராஹார் என்னும் இடம் உள்ளது. 1912-13-ஆம் ஆண்டில் தொல்லியல் துறையைச் சேர்ந்த ஸ்பூனர் இங்கே அகழ்ந்தார். அதற்கான பொருளுதவியைச் சர் ரத்தன் டாட்டா வழங்கினார். எண்பது தூண்களுடன் விளங்கிய ஒரு பெருமண்டபத்தின் சுவடுகள் வெளிப்பட்டன. சுனார் மணற்கல்லால் செய்து, முகம் தெரியும்படி மெருகேற்றிய தூண்கள் அவை. தூணுக்குத் தூண் பதினைந்து அடி இடைவெளி. மேற்கூரை மரத்தால் ஆயது. தூண் நின்ற இடங்களிற் சாம்பற் குவியல்கள் காணப்பட்டன. புத்தர் கூறிய முதற்கேடாகிய தீ அங்கே தன் அடையாளத்தை வைத்துச் சென்றிருந்தது.

பின்னர் 1951 முதல் 1955 வரை அல்டேக்கரும் விஜயகாந்த மிஸ்ராவும் அங்கே அகழ்ந்தனர். குப்தர் காலத்து ஆரோக்கிய விகாரம் ஒன்றும் அப்போது வெளிப்பட்டது. அது பிக்குகளுக்கான மருத்துவமனை. அதன் பெயர் பொறித்த சுட்டமண் முத்திரை கிடைத்தமையால் ஐயத்திற்கு இடமில்லை. பாடலி நகரில் ஏழைகளுக்கும் நோயாளிகளுக்கும் இலவச மருத்துவ நிலையங்கள் இருந்தன என்று 5-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த சீன யாத்திரிகர் பாஹியான் எழுதியுள்ளார்.

கும்ராஹாருக்குச் செல்வோர் பெரிய எதிர்பார்ப்புடன் செல்ல வேண்டா. அங்கே ஒரு பூங்காவும், ஒரு தூணின் பகுதியும், சிறு காட்சிக்கூடமும், விகாரத்தின் செங்கல் அடித்தளமுமே உள்ளன. நிலத்தடி நீர் ஊறித் தேங்கியமையால், தோண்டிய மண்டபப் பகுதியை மீண்டும் மண்ணிட்டு மூடினர். இரண்டாம் கேடாகிய நீர் இன்னும் அந்நகரை விட்டு விலகவில்லை. 1975-ஆம் ஆண்டு வெள்ளத்தையும், 2019-ஆம் ஆண்டு மழையில் பல நாள் நீர் தேங்கி நின்றதையும் பாட்னா மக்கள் மறக்கவில்லை. கும்ராஹாருக்கு அண்மையிலுள்ள புலந்திபாக்கில் இரு வரிசையாக நட்ட மரங்களால் ஆன மதிலின் பகுதி கிடைத்தது. அது மெகஸ்தனிஸ் கூறிய மர மதிலே என்பது அறிஞர் துணிபு.

பாடலியின் கலைத்திறத்தைக் கண்ணாரக் காண வேண்டுமாயின் பீகார் அருங்காட்சியகத்திற்குச் செல்ல வேண்டும். 1917-ஆம் ஆண்டில் திதார்கஞ்சில் கங்கைக் கரை மண்ணிலிருந்து வெளிப்பட்ட இயக்கி சிலை அங்கேதான் இருக்கிறது. ஆளுயரச் சிலை. வலக்கையில் சாமரம் ஏந்தி நிற்கிறாள்; இடக்கை உடைந்து போயிற்று. இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் அக்கல்லின் பளபளப்பு குறையவில்லை. நம் குடும்பத்துப் பெண்மணிகள் அவள் அணிந்துள்ள மேகலையையும் சிலம்பையும் நின்று நெடுநேரம் பார்த்ததை நான் கண்டேன்.

மூன்றாம் கேடாகிய உட்பகை பற்றியும் ஒரு சொல். மோரியர் மரபின் கடைசி மன்னன் பிருகத்ரதனை, கி.மு. 185-ஐ ஒட்டி, அவனுடைய படைத்தலைவன் புஷ்யமித்திரனே படை அணிவகுப்பின்போது கொன்றான். பேரரசு சிதறியது. 7-ஆம் நூற்றாண்டில் யுவான் சுவாங் வந்தபோது பழைய நகர் பாழடைந்து கிடந்தது. 16-ஆம் நூற்றாண்டில் ஷெர்ஷா அங்கே கோட்டை கட்டிய பின்னரே பாட்னா மீண்டும் தலையெடுத்தது.

இன்றைய நகரில் காண வேண்டியவை

கோல்கர் என்பது 1786-ஆம் ஆண்டில் காப்டன் ஜான் கார்ஸ்டின் கட்டிய நெற்களஞ்சியம். 1770-ஆம் ஆண்டுப் பெரும் பஞ்சத்தில் வங்காளமும் பீகாரும் பட்ட துயரத்திற்குப் பின் எழுந்த எண்ணத்தின் விளைவு அது. தேன்கூடு கவிழ்த்தாற் போன்ற வடிவம். உயரம் 29 மீட்டர். வெளிப்புறமாகச் சுற்றி ஏறும் படிகள் 145. ஏற அனுமதி உண்டா என்பதை முன்னரே விசாரித்துக் கொள்வது நலம்.

பாட்னா சாகிப் நிலையத்திற்கு அருகே சீக்கியரின் பத்தாம் குருவாகிய குரு கோவிந்த சிங் 1666-ஆம் ஆண்டில் பிறந்த இடத்தில் புனிதமான தக்த் அமைந்துள்ளது. தலையை மூடிக்கொண்டு உள்ளே செல்ல வேண்டும். யாவர்க்கும் அங்கே லங்கரில் உணவு உண்டு. குல்சார்பாக் நிலையத்திற்கு அருகே அகம் குவான் என்னும் ஆழ்ந்த பழங்கிணறு உள்ளது. அசோகனோடு தொடர்புபடுத்தி அதைப் பற்றிப் பல கதைகள் வழங்குகின்றன.

கங்கைக் கரையில் மகேந்திரு காட் என்ற துறை உண்டு. அசோகனின் மகன் மகேந்திரன் புறப்பட்ட துறை அது என்று உள்ளூரார் கூறுவர். மகள் சங்கமித்திரை போதி மரக் கிளையுடன் இலங்கைக்குச் சென்ற வரலாற்றை மகாவம்சம் விரித்துரைக்கிறது. வடகரைக்குப் பாலம் இல்லாத நாளில், ரயிற் பயணிகள் இத்துறையில் நீராவிக் கப்பலேறி அக்கரையில் பலேஜா காட்டில் இறங்கி மீண்டும் வண்டி ஏறுவர். 1982-இல் காந்தி சேதுவும், 2016-இல் திகா - சோன்பூர் ரயிற் பாலமும் திறந்த பின் அத்துன்பம் தீர்ந்தது.

இராசகிரியமும் நாலந்தாவும்

பாட்னாவுக்குக் கிழக்கேயுள்ள பக்தியார்பூரிலிருந்து கிளைப்பாதை ஒன்று தெற்கே பிரிகிறது. 1903-இல் குறுகிய இருப்புப்பாதையாகத் தொடங்கி, பின்னர் இராஜ்கிர் வரை நீண்டு, 1962-இல் அகலப் பாதையாக மாறியது இது. இப்பாதையில் நாலந்தா, சிலாவ், இராஜ்கிர் என நிலையங்கள் அடுத்தடுத்து வரும்.

இராஜ்கிர் என்பதே பழைய இராசகிருகம். தமிழர்க்கு இவ்வூர் புதிதன்று. கொங்குவேளிர் இயற்றிய பெருங்கதையில் மகத காண்டம் என ஒரு பகுதியே உள்ளது. உதயணன் இராசகிரிய நகருக்கு மாறுவேடத்தில் வந்து பதுமாபதியைக் கண்டு மணந்த கதை அது. அந்நகரின் மலைகளை நேரில் காணும்போது கதை உயிர் பெறுகிறது. சாந்து இன்றிப் பெருங்கற்களை அடுக்கிக் கட்டிய பழைய மதில் மலை முகடுகளின் மீது ஏறத்தாழ 40 கிலோமீட்டர் சுற்றளவுக்குச் செல்கிறது. பாடலியிலே மரம் மட்கிப் போயிற்று. இங்கே கல் நிலைத்து நிற்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துக் கண்டால்தான் மகதத்தின் வரலாறு தெளிவாகும். புத்தர் உபதேசித்த கிருத்ரகூடம், முதற் பௌத்த மாநாடு கூடிய மலைக்குகை, வெந்நீர்ச் சுனைகள், 1969-இல் மலையுச்சியில் எழுந்த வெண்ணிற உலக அமைதித் தூபி ஆகியவை காணத் தக்கன. தூபிக்குச் செல்ல ரோப்வே உண்டு. குழந்தைகள் இதை மறக்கவே மாட்டார்கள்.

நாலந்தா 5-ஆம் நூற்றாண்டில் குமாரகுப்தன் காலத்தில் தோன்றி, 1200-ஐ ஒட்டி அழிவுறும் வரை உலகப் புகழுடன் விளங்கிய கல்விக்கூடம். செங்கல் விகாரங்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொரு அறையிலும் மாணவர் படுத்த மேடையையும், விளக்கு வைத்த மாடத்தையும் காணலாம். 2016-இல் இது உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. இங்கே தலைமை ஆசிரியராக விளங்கிய தருமபாலர் காஞ்சிபுரத்தில் பிறந்தவர் என்று யுவான் சுவாங் எழுதியுள்ளார். தருமபாலரின் மாணவர் சீலபத்திரர். அவரிடமே யுவான் சுவாங் கற்றார். காஞ்சியிலிருந்து புறப்பட்ட ஒருவர் கங்கை நாட்டில் ஆசிரியராக அமர்ந்து, அவர் கற்பித்த கல்வி சீன நாடு வரை சென்றது. மாற்றல் உத்தரவு வந்து வடக்கே வந்தவர்கள் என்று நம்மை நாமே சிறுமையாக எண்ணும்போது தருமபாலரை நினைத்துக் கொள்ளலாம்.

சிலாவ் நிலையத்தில் காஜா என்னும் இனிப்பு புகழ் பெற்றது. அடுக்கடுக்காக மெல்லிய இழைகளுடன் வாயிலிட்டதும் நொறுங்கும். மேற்கே மணேரில் கிடைக்கும் லட்டும், வடக்கே ஹாஜிப்பூர் வாழைப்பழமும் இவ்வட்டாரத்துச் சிறப்புகள். ஹாஜிப்பூரைத் தாண்டியே வைசாலிக்குச் செல்ல வேண்டும். அங்கே கொல்ஹுவாவில் ஒற்றைச் சிங்கத்தைத் தலையில் தாங்கிய தூண் ஒன்று அன்று நின்றபடியே இன்றும் நிற்கிறது. பாடலிக் கோட்டை யாரை அஞ்சி எழுந்ததோ அவர்களுடைய ஊர் இது என்பதால் இதையும் காணாமல் திரும்புதல் ஆகாது.

பயணம் செய்வோர்க்குச் சில குறிப்புகள்

பாட்னாவுக்கு ஒரு நாள், நாலந்தா - இராஜ்கிருக்கு இரு நாள், வைசாலிக்கு ஒரு நாள் என நான்கு நாள் போதும். மாசி மாதம் ஏற்றது. மார்கழியிலும் தையிலும் மூடுபனியால் வண்டிகள் பல மணி நேரம் தாமதமாகும். தீபாவளி கழித்து ஆறாம் நாள் வரும் சட் பூஜைக்கு ஊர் திரும்புவோர் கூட்டம் பெரிது. அவ்வாரங்களில் பாஸ் இருந்தாலும் இடம் கிடைப்பது அரிது. சித்திரை, வைகாசி வெயில் குழந்தைகளுக்கு ஆகாது.

நாம் ஏன் காண வேண்டும்?

பாடலியைக் கூறும் இன்னொரு பாட்டு அகநானூற்றில் உண்டு. 265-ஆம் பாட்டு, மாமூலனார் பாடியது. பொருள் தேடிப் பிரிந்த தலைவனை நினைந்து தலைவி தோழியிடம் கேட்கிறாள்: நம்மைப் பிரிந்து அவர் தேடிச் சென்ற பொருள்தான் எது? நந்தர்கள் பாடலியிலே திரட்டிக் கங்கை நீரின் அடியிலே மறைத்து வைத்தார்களே, அந்தச் செல்வமோ? இது அவள் வினா.

இவ்விரு பாட்டுகளையும் சேர்த்துப் பாருங்கள். இரண்டிலும் பாடலி வருகிறது. இரண்டிலும் பேசுபவள் வீட்டில் காத்திருக்கும் பெண். ஒருத்தி அவன் பிரிந்ததை எண்ணி வருந்தும்போது பாடலியை நினைக்கிறாள். மற்றொருத்தி அவன் வருகிறான் என்று கேட்டு மகிழும்போது பாடலியை நினைக்கிறாள். எட்டாத தொலைவுக்கும் அளவற்ற செல்வத்திற்கும் அவர்கள் அறிந்த பெயர் அதுவே. அவ்வளவு தொலைவு என்று அவர்கள் எண்ணிய கங்கை நாட்டிலே இன்று நாம் குவார்ட்டர்ஸில் குடியிருந்து, குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்பி, மாதச் சம்பளத்தில் ஒரு பகுதியை ஊருக்கு அனுப்பி வருகிறோம். நந்தர் புதையல் நமக்குக் கிடைக்கவில்லை. ஆனால் நம் தாய்மார்களும் தந்தையரும் அங்கே காத்திருப்பது மாறவில்லை. தொலைபேசியில் குரல் கேட்ட மறுகணமே "எப்போது வருகிறாய்?" என்று கேட்கிறார்கள், குறுந்தொகைத் தலைவியின் பரபரப்பு அக்குரலில் இருக்கிறது.

நம் குழந்தைகள் இங்கே பிறந்தவர்கள். பாடலிபுத்திரம் என்றால் பள்ளிப் புத்தகத்தில் இந்தியிலோ ஆங்கிலத்திலோ படித்துத் தேர்வெழுதிவிடுவர். அதே பாடலி தமிழிலும் இருக்கிறதென்பதை அவர்களுக்கு யார் சொல்வார்? பள்ளி சொல்லாது, நாம்தான் சொல்ல வேண்டும். தமிழெழுத்து அறியாத பிள்ளைக்குக் குறுந்தொகை மீண்டும் ஓலைச்சுவடியாகவே ஆகிவிடும். நம் சங்கம் ஞாயிறுதோறும் நடத்தும் தமிழ் வகுப்பில் சேரும் பிள்ளைகளின் தொகை ஆண்டுக்காண்டு குறைந்து வருவதை நாம் அறிவோம். அவர்களுள் ஒரு பத்துப் பேரைக் கொய்ல்வார் பாலத்தில் சன்னலோரம் உட்கார வைத்து, சோணையைக் காட்டி, அப்பாட்டை அவர்களே எழுத்துக்கூட்டிப் படிக்கும்படி செய்தால், ஓராண்டுப் பாடத்தின் பயன் அந்த இரண்டு நிமிடங்களில் கிடைக்கும் என்பது என் எண்ணம்.

மரத்தால் கட்டிய மதில் மட்கியது. மெருகிட்ட தூண்கள் மண்ணுள் புதைந்தன. பாடலியை இன்றும் நாம் அறிய முடிவது யவனத் தூதரும், சீனத் துறவியரும், பாலி நூலோரும், தமிழ்ப் புலவரும் எழுதி வைத்தமையாலும், எழுதியதைப் பின்வந்தோர் படித்தமையாலுமே. எழுதுவோரும் படிப்போரும் இருக்கும் வரை நகர் அழிவதில்லை. ஆதலின் வருகிற ஆண்டு பாஸ் எழுதும்போது காசிக்கும் கயைக்கும் இடையே பாட்னாவையும் சேர்த்தெழுத வேண்டுமென்று அன்பர்களைக் கேட்டுக் கொள்கிறேன். சங்கத்தின் சார்பில் குடும்பங்கள் ஒன்றுகூடிச் செல்ல ஏற்பாடாயின் வழித்துணையாக வர நான் சித்தமாக இருக்கிறேன். தீயும் நீரும் நம் கையில் இல்லை; மூன்றாவதாகிய உட்பகை நம்மிடையே புகாமல் இச்சங்கத்தைக் காத்து வளர்ப்பது நம் கையில் இருக்கிறது.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!